கிணற்று நீரில் நைட்ரேட்டின் மூலம் காணல்: நிலை ஓரிடத்தான் முறையும் அதன் வரம்புகளும்

ஆய்வுச் சுருக்கம்

வேளாண் நிலங்களை அடுத்த நீர்நிலைகளிலும் கிணறுகளிலும் காணப்படும் நைட்ரேட் வேதியுரத்திலிருந்து வந்ததா, எருவிலிருந்து வந்ததா, கழிவறைக் குழியிலிருந்து வந்ததா, அல்லது மண்ணிலிருந்தே வந்ததா என்பதை வழக்கமான வேதிப் பகுப்பாய்வு சொல்லாது. நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் நிலை ஓரிடத்தான்களை அளந்து மூலத்தை உய்த்துணரும் முறை 1970களில் தொடங்கி வளர்ந்துள்ளது. இம்முறையின் அடிப்படையையும், அதன் தொடக்கத்தில் எழுந்த இல்லினாய் விவாதத்தையும், பின்னர் வந்த திருத்தங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. யூரியாவே முதன்மை உரமாகவும், தோட்டமும் கிணறும் கழிவறைக் குழியும் அருகருகே அமைந்தும் உள்ள யாழ்ப்பாணத் தீபகற்பம் போன்ற இடங்களில், மேலை நாட்டு ஆய்வுகளில் வகுக்கப்பட்ட மதிப்பு எல்லைகளை அப்படியே எடுத்தாள்வது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: நைட்ரேட், நிலை ஓரிடத்தான், நைட்ரஜன்-15, நைட்ரேட் ஒடுக்கம், நிலத்தடி நீர், யாழ்ப்பாணச் சுண்ணக்கல் நீர்த்தேக்கம்

முன்னுரை

நீரில் கரைந்த நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, குறிப்பிடத்தக்க சுவையுமில்லை. கொதிக்கவைத்தாலும் அது நீங்காது. நீர் ஆவியாகுந்தோறும் அதன் செறிவு கூடவே செய்யும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநில மருத்துவர் ஹன்டர் காம்லி, கிணற்று நீரில் கரைத்த பாலுணவு ஊட்டப்பட்ட கைக்குழந்தைகளின் உடல் நீலம்பாரித்த நிகழ்வுகளை அந்நீரிலிருந்த நைட்ரேட்டுடன் தொடர்புபடுத்தி எழுதினார். குடிநீரில் நைட்ரேட்டுக்கு வரம்பு விதிக்கும் வழக்கம் பெரிதும் அதன் வழியே வந்தது. உலக நலவாழ்வு நிறுவனம் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்றும், இந்தியத் தர நிர்ணயம் 45 மில்லிகிராம் என்றும் வரம்பிடுகின்றன. அமெரிக்க வரம்பு 10 மில்லிகிராம் என்று படிப்பவர்கள் அது நான்கு மடங்குக்கு மேல் கடுமையானது என்று எண்ணிவிடுவதுண்டு. அங்கு நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜனின் எடை மட்டுமே கணக்கிடப்படுகிறது, 4.43ஆல் பெருக்கினால் அதுவும் ஏறத்தாழ 44 மில்லிகிராம் நைட்ரேட்டே ஆகும். தமிழில் வெளிவரும் நீர்த்தர ஆய்வுகளிலும் இவ்விரு அலகுகளும் குறிப்பின்றிக் கலந்து வருவதால், ஒப்பீட்டு அட்டவணைகளைப் படிக்கும்போது இதை முதலில் சரிபார்த்துக்கொள்வது நன்று.

வரம்பு மீறியதா என்று காண்பது எளிய செயல். அது எங்கிருந்து வந்தது என்பதே கடினமான கேள்வி. அதற்கான விடையைப் பொறுத்தே பொறுப்பும் செலவும் அமைகின்றன. உரம் காரணமென்றால் உழவர் உரத்தைக் குறைக்க வேண்டும். கழிவறைக் குழி காரணமென்றால் ஊராட்சியோ அரசோ கழிவுநீர் அமைப்பை மாற்ற வேண்டும். தவறான விடை கிடைத்தால், குற்றமற்றவர் செலவைச் சுமக்க, நீர் முன்போலவே கெட்டுக்கொண்டிருக்கும். யூரியாத் துகளிலிருந்து வந்த நைட்ரேட்டும் மாட்டுச் சிறுநீரிலிருந்து வந்த நைட்ரேட்டும் வேதியியலுக்கு ஒன்றே: ஒரு நைட்ரஜன் அணு, மூன்று ஆக்சிஜன் அணுக்கள். அவற்றைப் பிரித்தறிய உதவக்கூடிய வேறுபாடு அணுக்கருவிலேயே உள்ளது.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு. இக்கட்டுரையில் ஓரிடத்தான் எனப்படுவது தமிழ்நாட்டில் ஐசோடோப்பு என்றும், இலங்கைப் பாடநூல்களில் சமதானி என்றும் வழங்கும். நைட்ரஜனை இலங்கையில் நைதரசன் என்பர். உழவர் வழக்கில் அதுவே தழைச்சத்து.

கனமான அணுவும் இலேசான அணுவும்

நைட்ரஜன் அணுக்கருவில் ஏழு புரோட்டான்கள் உள்ளன. பெரும்பாலான அணுக்களில் ஏழு நியூட்ரான்களும், மிகச் சிலவற்றில் எட்டு நியூட்ரான்களும் காணப்படும். முன்னது நைட்ரஜன்-14, பின்னது நைட்ரஜன்-15. இரண்டும் கதிரியக்கமற்றவை; காலப்போக்கில் சிதைவதில்லை. அதனாலேயே நிலை ஓரிடத்தான்கள் எனப்படுகின்றன. வளிமண்டல நைட்ரஜனில் 272 இலேசான அணுக்களுக்கு ஒரு கனமான அணு என்ற விகிதம் உலகெங்கும் மாறாமல் இருக்கிறது. அதனை அளவுகோலாகக் கொண்டு, ஒரு மாதிரியிலுள்ள விகிதம் அதிலிருந்து ஆயிரத்திற்கு எத்தனை பங்கு கூடியோ குறைந்தோ உள்ளது என்று கூறுவர். இதுவே டெல்டா மதிப்பு. டெல்டா +10 என்றால் காற்றைவிட ஆயிரத்திற்குப் பத்துப் பங்கு, அதாவது ஒரு விழுக்காடு, கனமான அணு விகிதம் மிகுதி என்று பொருள். இத்துணைச் சிறிய வேறுபாட்டை அளக்க ஓரிடத்தான் விகிதத்திற்கென அமைந்த நிறை நிறமாலைமானி வேண்டும்.

வேதிவினைகளில் இலேசான அணுவைக் கொண்ட மூலக்கூறு சற்று விரைந்து வினைபுரியும். வினை முழுமையாக முடிந்துவிட்டால் இவ்வேறுபாட்டின் தடம் எஞ்சாது. பாதியில் நின்றாலோ, ஒரு பகுதி தப்பிச் சென்றாலோ, எஞ்சியிருப்பதில் கனமான அணு கூடிவிடும். இதனைப் ஓரிடத்தான் பிரிகை என்கிறோம். மூலங்களின் மதிப்புகள் வேறுபடுவதற்கான காரணம் இதுவே.

ஹேபர்-போஷ் முறையில் அம்மோனியா தயாரிக்கும் ஆலை காற்றிலுள்ள நைட்ரஜனை எடுத்து ஏறத்தாழ முழுமையாக மாற்றுகிறது. ஆகவே யூரியா, அம்மோனியம் சல்பேட் போன்ற உரங்களின் மதிப்பு காற்றை ஒட்டியே, பெரும்பாலும் −4க்கும் +4க்கும் இடையில், இருக்கும். மாட்டுத் தொழுவத்தில் நிகழ்வது வேறு. சிறுநீரிலுள்ள யூரியா சிதையும்போது காரத்தன்மை உயர்ந்து அம்மோனியா காற்றில் பறக்கிறது. தொழுவத்தின் நெடி அதுதான். பறந்து செல்வதில் இலேசான நைட்ரஜனின் பங்கு மிகுதி. எஞ்சிய அம்மோனியம் கனத்து, பின்னர் மண்ணில் நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறும்போது +10 முதல் +20 வரையான மதிப்பைத் தருகிறது. மனிதக் கழிவிலும் இதே நிகழ்ச்சி நடைபெறுவதால் அதன் மதிப்பும் இவ்வெல்லைக்குள்ளேயே விழுகிறது. மண்ணின் கரிமப் பொருளிலிருந்து விடுபடும் நைட்ரேட் இவ்விரண்டுக்கும் இடையில், ஏறத்தாழ +2 முதல் +8 வரை நிற்கும்.

இவ்வெண்களை மட்டும் ஓர் அட்டவணையாக்கிக் கையில் வைத்துக்கொண்டு கிணறு கிணறாகத் தீர்ப்பு எழுதும் ஆய்வுகள் இன்றும் வருகின்றன. அது ஏன் போதாது என்பதை இம்முறையின் முதல் பெரும் பயன்பாடே காட்டிவிட்டது.

இல்லினாய் விவாதம், 1971-72

அமெரிக்காவின் மக்காச்சோள வட்டாரத்தில் சங்கமன் ஆறு பாய்கிறது. அதனைத் தடுத்து அமைத்த டெக்கேட்டர் ஏரி இல்லினாய் மாநிலத்தின் டெக்கேட்டர் நகருக்குக் குடிநீர் தருகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கு நைட்ரஜன் உரப் பயன்பாடு பெருகியது. ஏரி நீரிலும் நைட்ரேட் உயர்ந்தது. இரண்டும் ஒருங்கே உயர்ந்தன என்பது ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பதற்குச் சான்றாகாது. செயின்ட் லூயி நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் கோல், ஜார்ஜியா ஷியரர், பேரி காமனர் ஆகிய மூவரும் நைட்ரஜன் ஓரிடத்தான் விகிதத்தைக் கொண்டு அச்சான்றைத் தேட முற்பட்டனர். 1971 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் அவர்களது கட்டுரை வெளிவந்தது. 1970ஆம் ஆண்டு வசந்த காலத்தில் நைட்ரேட் உச்சத்தில் இருந்தபோது அந்நீரிலிருந்த நைட்ரஜனில் குறைந்தது 55 முதல் 60 விழுக்காடு உரத்திலிருந்து வந்தது என்பது அவர்கள் மதிப்பீடு.

அவர்களது தர்க்கம் எளிமையானது. மண்ணிலிருந்து இயல்பாக விடுபடும் நைட்ரேட் கனமானது. உர நைட்ரஜன் இலேசானது. வடிகால் நீரில் நைட்ரேட் செறிவு உயர உயர அதன் நைட்ரஜன்-15 மதிப்பு இறங்கியது. எனவே கூடுதலாக வந்து சேர்ந்தது இலேசான மூலம், அதாவது உரம். இரு மூலங்களின் மதிப்பும் கலவையின் மதிப்பும் தெரிந்தால், பால்காரர் சேர்த்த தண்ணீரைக் கணக்கிடுவது போல விகிதத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

மறு ஆண்டே டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தைச் சேர்ந்த ரோலண்ட் ஹாக் உள்ளிட்ட பத்து மண்ணியல் அறிஞர்கள் ஒன்றுசேர்ந்து மறுப்பு எழுதினர். ஒரு வயலுக்குள்ளேயே மண்ணின் நைட்ரஜன்-15 மதிப்பு இடத்துக்கு இடம், ஆழத்துக்கு ஆழம் மாறுகிறது; ஒற்றை எண்ணால் 'மண்' என்னும் மூலத்தைக் குறிக்க இயலாது. மேலும், வயலில் இட்ட உரம் நேரே ஏரிக்கு ஓடுவதில்லை. பயிர் எடுக்கிறது, நுண்ணுயிர் எடுக்கிறது, மண்ணின் கரிமத்தோடு சேர்கிறது, மீண்டும் விடுபடுகிறது. ஒவ்வொரு படியிலும் பிரிகை நிகழ வாய்ப்புண்டு. புறப்பட்டபோது இருந்த மதிப்பையே சுமந்துகொண்டு அது ஏரியை அடைகிறது என்று எதை வைத்துக் கொள்வது?

மறுத்தவர்களில் சிலர் உர ஆராய்ச்சியோடு தொடர்புடையவர்கள் என்பதும், காமனர் சுற்றுச்சூழல் இயக்கத்தின் முன்னணிக் குரல் என்பதும் இவ்விவாதத்தை அரசியலாகவே படிக்கத் தூண்டும். அவ்வாறு மட்டும் படித்தால் இழப்பு நமக்குத்தான். மறுப்பில் அறிவியல் வலு இருந்தது. செறிவு உயரும்போது டெல்டா மதிப்பு இறங்குவதற்குக் கலப்பு மட்டுமே காரணமன்று. காற்றோட்டமற்ற மண்ணில் சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைப் பயன்படுத்தி அதனை நைட்ரஜன் வளிமமாக மாற்றிவிடுகின்றன. இதுவே நைட்ரேட் ஒடுக்கம். இலேசான நைட்ரேட் முதலில் தீர்வதால் எஞ்சியது கனக்கும். அப்போதும் செறிவு குறைந்த நீரில் மதிப்பு மிகுந்தும், செறிவு மிகுந்த நீரில் மதிப்பு குறைந்தும் இருக்கும். ஒரே படத்தை இரு வேறு கதைகளும் வரைந்துவிடுகின்றன.

இவ்விரு கதைகளையும் பிரிக்க ஒரு வழி பின்னர் தெளிவானது. டெல்டா மதிப்பைச் செறிவின் தலைகீழ் எண்ணுக்கு எதிராக வரைந்தால், இரு மூலங்களின் கலப்பு நேர்கோடாகும். செறிவின் மடக்கைக்கு எதிராக வரைந்தால், ஒடுக்கம் நேர்கோடாகும். எனினும் கள ஆய்வில் புள்ளிகள் சிதறிக் கிடக்கும்போது இரு படங்களும் ஓரளவு நேராகவே தோன்றிவிடும் என்பதை ஆய்வு மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். செறிவின் வீச்சு பத்து மடங்காவது இல்லாத தரவில் இச்சோதனையை நம்புவது சரியன்று என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

ஒடுக்கம் எவ்வளவு தொலைவு வழிதவறச் செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு. உரத்திலிருந்து வந்த நைட்ரேட்டின் தொடக்க மதிப்பு +4 என்க. பிரிகைக் கெழு −15 என்று கொண்டால், பாதி நைட்ரேட் ஒடுக்கப்பட்டபின் எஞ்சியதன் மதிப்பு 4 + 15 × 0.693, அதாவது +14.4. அட்டவணை இதனை எரு என்றோ கழிவு என்றோ சொல்லும். கிணற்றுக்கு அருகில் ஒரு மாடுகூட இல்லாதிருக்கலாம்.

உழவு மட்டுமே காரணமான மாசு

இல்லினாய் விவாதம் நடந்து சில ஆண்டுகளுக்குள் டெக்சாஸ் மாநிலத்தின் ரன்னல்ஸ் வட்டத்திலிருந்து இன்னொரு சான்று கிடைத்தது. அங்குக் கிணறுகளின் சராசரி நைட்ரேட் லிட்டருக்கு ஏறத்தாழ 250 மில்லிகிராம். வரம்பைப் போல் ஐந்து மடங்கு. சார்லஸ் கிரைட்லரும் டேனியல் ஜோன்ஸும் 1975இல் வெளியிட்ட ஆய்வில், பயிரிட்ட மண்ணின் நைட்ரேட் +2 முதல் +8 வரையிலும், கால்நடைக் கழிவின் நைட்ரேட் +10 முதல் +20 வரையிலும் இருப்பதைப் பிரித்துக் காட்டி, பெரும்பாலான கிணறுகளின் நைட்ரேட் மண்ணிலிருந்தே வந்தது என்று முடிவு செய்தனர். 1900 அளவில் புல்வெளி உழப்பட்டு மானாவாரி வேளாண்மை தொடங்கியதும், காலங்காலமாக மண்ணில் சேர்ந்திருந்த கரிம நைட்ரஜன் காற்றுப்பட்டு நைட்ரேட்டாயிற்று. அரை நூற்றாண்டு அது வேர்மண்டலத்திற்குக் கீழே தங்கிக் கிடந்தது. 1950களின் வறட்சிக்குப் பின் நிலங்களில் மண் அரிப்பைத் தடுக்கப் பரவலாக வரப்புகள் அமைக்கப்பட்டன. அதனால் மழைநீர் ஓடாமல் நின்று இறங்கியது. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. தங்கியிருந்த நைட்ரேட்டும் கரைந்து கிணற்றுக்கு வந்தது.

இந்த ஆய்வுக்குரிய கவனம் கிடைக்கவில்லை என்றே தோன்றுகிறது. 'வேளாண் மாசு' என்றவுடன் உரமூட்டையை நினைப்பது நம் வழக்கம். ரன்னல்ஸ் வட்டத்தில் மாசுக்குக் காரணம் வேளாண்மைதான். ஆனால் மூலம் உரமன்று. உரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றை அங்கு இயற்றியிருந்தால் அதனால் கிணறுகளுக்குப் பயன் ஏதும் விளைந்திராது. நீரைச் சேமிக்கும் நற்பணி ஒன்று மாசைக் கிணற்றுக்குக் கொண்டு சேர்த்தது என்பதும் நீர்ச்செறிவூட்டல் திட்டங்கள் பெருகியுள்ள நம் நாட்களில் எண்ணிப்பார்க்கத் தக்கது.

ஆக்சிஜன் என்னும் இரண்டாம் சாட்சி

ஒரு சாட்சியின் சொல் ஐயத்துக்குரியதாயின் இன்னொரு சாட்சியைத் தேடுவது முறை. நைட்ரேட்டின் மூன்று ஆக்சிஜன் அணுக்களிலும் ஆக்சிஜன்-18 என்னும் கனமான ஓரிடத்தான் சிறிதளவு உண்டு. இதனை வியன்னா நியமப் பெருங்கடல் நீரோடு ஒப்பிட்டு அளப்பர். 1990இல் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்கு அருகிலுள்ள ஃபூர்பெர்க் நீர்த்தேக்கத்தில் இரு ஓரிடத்தான்களையும் சேர்த்து அளந்த ஆய்வு ஒரு திருப்பம். நைட்ரேட் ஒடுக்கத்தின்போது நைட்ரஜனின் பிரிகைக் கெழு −15.9 ஆகவும், ஆக்சிஜனின் கெழு −8.0 ஆகவும் அங்குக் கண்டனர். அதாவது நைட்ரஜன் மதிப்பு இரண்டு ஏறினால் ஆக்சிஜன் மதிப்பு ஒன்று ஏறும். இரண்டையும் ஒரே படத்தில் குறித்தால், ஒடுக்கம் நிகழ்ந்த நீரின் புள்ளிகள் சாய்வு அரை கொண்ட கோட்டில் ஏறிச்செல்லும். எருக் கலப்பு அவ்வாறு ஏறாது. ஆய்வகத்தில் தனிப் பாக்டீரியாக்களை வளர்த்துச் செய்த சோதனைகளில் இச்சாய்வு ஒன்றை ஒட்டி வருகிறது என்பது பின்னர் தெரியவந்த சிக்கல். நிலத்தடியில் ஒடுக்கத்தோடு வேறு வினைகளும் சேர்ந்து நிகழ்வதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்று விளக்குவர். ஆகவே சாய்வு அரை என்பதை விதியாகக் கொள்ளாமல், நீரில் கரைந்துள்ள மிகை நைட்ரஜன் வளிமத்தை ஆர்கானோடு ஒப்பிட்டு அளந்து ஒடுக்கத்தை உறுதிசெய்வது மேல்.

முன்பு இவ்வளவீட்டுக்கு நிறைய நீரும் நாட்கணக்கான வேதிப் பணியும் தேவைப்பட்டன. 2001இல் டேனியல் சிக்மன் குழுவினரும், 2002இல் கேரன் கசியோட்டி குழுவினரும் வெளியிட்ட பாக்டீரிய முறை இதனை மாற்றியது. நைட்ரேட்டை நைட்ரஸ் ஆக்சைடு வரை மட்டுமே ஒடுக்கி, அதற்கு மேல் கொண்டுசெல்லும் நொதியற்ற பாக்டீரிய வகைகளை அவர்கள் பயன்படுத்தினர். பாக்டீரியா வளிமத்தைத் தயாரித்துத் தர, கருவி இரு தனிமங்களையும் ஒருங்கே அளக்கிறது. சில மில்லிலிட்டர் நீர் போதும். கிணற்றுக்கு ஒரு மாதிரி என்றிருந்த நிலை மாறி, மாதத்துக்கு ஒரு மாதிரி என்று தொடர்ந்து எடுக்க முடிந்தது இதன் பின்னரே.

ஆக்சிஜன் மதிப்பைப் பயன்படுத்துவதில் நம் வட்டாரத்துக்கே உரிய ஓர் இடர் உண்டு. பாடநூல்களில் வரும் படத்தில் 'உர நைட்ரேட்' என்னும் கட்டம் ஆக்சிஜன் அச்சில் +17 முதல் +25 வரை வரையப்பட்டிருக்கும். ஆலையில் நைட்ரேட்டாகவே தயாரிக்கப்பட்ட உரத்துக்கு அது பொருந்தும். அதன் ஆக்சிஜன் +23.5 அளவு மதிப்புள்ள வளிமண்டலத்திலிருந்து வந்தது. ஐரோப்பாவில் அம்மோனியம் நைட்ரேட் மிகுதியாகப் பயன்படுவதால் அக்கட்டம் அங்குப் பயனுடையது. தென்னாசியாவில் இடப்படும் தழைச்சத்து உரத்தில் பெரும்பகுதி யூரியா. யூரியாவின் நைட்ரஜன் மண்ணில்தான் நைட்ரேட்டாக மாறுகிறது. அப்போது மூன்று ஆக்சிஜன்களில் இரண்டு மண்ணீரிலிருந்தும் ஒன்று காற்றிலிருந்தும் சேர்கின்றன. மண்ணீரின் மதிப்பு −5 என்றால், விளையும் நைட்ரேட்டின் மதிப்பு +4.5. எருவிலிருந்தும் மண்ணின் கரிமத்திலிருந்தும் வரும் நைட்ரேட்டும் அதே மண்ணீரில் பிறப்பதால் அதே மதிப்பையே பெறும். ஆக, யூரியா இட்ட வயலின் நீர் அந்த உரக் கட்டத்துக்குள் ஒருபோதும் விழாது. 'உரக் கட்டத்தில் புள்ளிகள் இல்லை. எனவே உரம் காரணமன்று' என்று எழுதும் ஆய்வாளர், கேட்காத கேள்விக்கு விடையளிக்கிறார்.

யாழ்ப்பாணத்து நிலைமை

யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் வற்றாத ஆறு இல்லை. மயோசீன் காலச் சுண்ணக்கல்லின் பிளவுகளிலும் குகைகளிலும் தேங்கும் மழைநீரே குடிநீரும் பாசன நீரும். அந்நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல மிதக்கிறது. மேலே ஆழமற்ற செம்மண். அதில் வெங்காயம், மிளகாய், புகையிலை எனச் செறிந்த தோட்டப் பயிர்கள். துலா மறைந்து நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் நீரும் உரமும் தாராளமாகவே இடப்படுகின்றன. இறைத்த நீரில் ஒரு பகுதி உரத்தைக் கரைத்துக்கொண்டு அதே கிணற்றுக்குத் திரும்புகிறது. மறுநாள் மீண்டும் இறைக்கப்படுகிறது. அதே வளவுக்குள் குழிக் கழிவறையும் உண்டு. மாட்டுக் கொட்டிலும் இருக்கலாம். கிணறுகள் பலவற்றில் நைட்ரேட் வரம்பு மீறியிருப்பது 1980களிலிருந்தே ஆய்வுகளில் பதிவாகி வருகிறது. தோட்டமா கழிவறையா என்ற வாதமும் அன்றிலிருந்தே உள்ளது.

இங்கு நைட்ரஜன்-15 மட்டும் அளந்தால் மூன்று இடர்கள் எதிர்ப்படும். கொட்டிலும் கழிவறையும் ஒரே எல்லைக்குள் விழும் என்பது முதலாவது. இதனை முன்னரே கண்டோம். இரண்டாவது, தழையுரம். பனையோலையையும் வேலித் தழைகளையும் மண்ணில் புதைப்பது இப்பகுதியின் பழைய வழக்கம். சீமைக்கிளுவை போன்ற பயற்றினத் தாவரங்கள் காற்றின் நைட்ரஜனை நிலைப்படுத்திக்கொள்வதால் அவற்றின் மதிப்பு பூச்சியத்தை ஒட்டியே இருக்கும். அத்தழையிலிருந்து வரும் நைட்ரேட்டும் யூரியாவிலிருந்து வருவதும் ஓரிடத்தான் கணக்கில் ஏறத்தாழ ஒன்றே. இயற்கை வேளாண்மை செய்யும் தோட்டத்துக் கிணறு, வேதியுரக் கிணறு என்று முத்திரை குத்தப்படக்கூடும். மூன்றாவது, காரத்தன்மையுள்ள மண்ணின் மேற்பரப்பில் தூவிய யூரியாவும் கொட்டிலின் சிறுநீர் போலவே அம்மோனியாவை இழக்கும், எஞ்சியது கனக்கும். சுண்ணக்கல் நிலத்தில் இதனைப் புறக்கணிக்க இயலாது.

எருவையும் மனிதக் கழிவையும் பிரிக்க ஐரோப்பிய ஆய்வுகளில் போரான் ஓரிடத்தான் துணைசெய்துள்ளது. சலவைத்தூளில் வெளுப்பானாகச் சேர்க்கும் பெர்போரேட் கனிமப் போரானிலிருந்து வருவதால் வீட்டுக் கழிவுநீரின் போரான்-11 மதிப்பு தாழ்ந்தும், கால்நடை எருவின் மதிப்பு உயர்ந்தும் இருக்கும். ஒடுக்கத்தால் போரான் மாறாது என்பது இதன் பெருஞ்சிறப்பு. ஆனால் கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 4.5 மில்லிகிராம் போரான் உண்டு; அதன் மதிப்பு +39.6. உவர்நீர் சிறிது ஊடுருவினாலே கிணற்றின் போரான் அடையாளத்தைக் கடல் விழுங்கிவிடும். தீபகற்பத்தின் நடுப்பகுதிக் கிணறுகளில் இது பயன்படலாம். கரையோரத்தில் குளோரைடைக் கொண்டு கடல்நீரின் பங்கைக் கழித்த பின்னரே பேச முடியும். நம் வீடுகளில் பயன்படும் சலவைத்தூளில் பெர்போரேட் உண்டா என்பதையும் முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

மூலங்களின் பங்கை விழுக்காடாகத் தரும் பேயசியப் புள்ளியியல் நிரல்கள் இன்று எளிதில் கிடைக்கின்றன. அவற்றுள் மூன்று மூலங்களை உள்ளிட்டால் மூன்றின் கூட்டுத்தொகை நூறாகவே வரும். உள்ளிட மறந்த நான்காவது மூலத்தைப் பற்றி நிரல் எச்சரிக்காது. வேறு கண்டத்தில் அளந்த எரு மதிப்பை இங்குள்ள கிணற்றுக்கு இட்டாலும் அது மறுக்காது. ஆகவே ஆய்வின் முதற் செலவு கிணற்று நீருக்கன்று, மூலங்களுக்கு ஆக வேண்டும்: உள்ளூர்க் கடையில் விற்கும் யூரியா, அவ்வூர்க் கொட்டிலின் எரு, கழிவறைக் குழியின் நீர், புதைக்கும் தழை, உரமிடாத தரிசின் மண், வேர்மண்டலத்துக்குக் கீழே எடுத்த மண்ணீர். இந்தக் கடைசி மாதிரியே மிக அரியது. மிகப் பயனுடையதும் அதுவே. மண்ணுக்குள் நிகழும் மாற்றங்களையெல்லாம் கடந்து, கிணற்றை அடையுமுன் நைட்ரேட் பெற்றிருக்கும் மதிப்பை அது நேரே காட்டுகிறது.

காலத்தாழ்வு

மூலம் தெரிந்து உரம் குறைக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். கிணறு எப்போது தெளியும்? இதற்கு ஓரிடத்தானைக் கொண்டே விடை காண முயன்ற ஆய்வு ஒன்று பிரான்சில் நடந்தது. இயற்கை வேறுபாட்டை நம்பாமல், நைட்ரஜன்-15 செறிவூட்டிய உரத்தை 1982இல் சர்க்கரைக் கிழங்கும் கோதுமையும் பயிரிட்ட சோதனைத் தொட்டிகளில் இட்டு, வடிநீரைத் தொடர்ந்து அளந்தனர். மாத்தியூ செபிலோ குழுவினர் 2013இல் வெளியிட்ட முடிவின்படி, முப்பதாண்டுகளில் 61 முதல் 65 விழுக்காடு பயிருக்குச் சென்றது. 8 முதல் 12 விழுக்காடு நைட்ரேட்டாகக் கீழிறங்கியது. 12 முதல் 15 விழுக்காடு இன்னும் மண்ணின் கரிமத்திலேயே தங்கியிருந்தது. அது மேலும் ஐம்பதாண்டுகளேனும் சிறிது சிறிதாகக் கசியும் என்பது அவர்கள் கணிப்பு. ஹாக் குழுவினர் 1972இல் எழுப்பிய கேள்விக்கான விடை ஒருவகையில் இங்கே உள்ளது: உர நைட்ரஜன் நேரே நீருக்கு ஓடவில்லை; மண்ணாகி, பின்பே நீருக்கு வந்தது. அவ்வாறு வருவதை 'மண்ணின் நைட்ரேட்' என்று கணக்கிடுவதா, 'உரத்தின் நைட்ரேட்' என்று கணக்கிடுவதா என்பதை ஓரிடத்தான் தீர்மானிக்காது. ஆய்வாளரே வரையறுத்துக் கூற வேண்டும்.

பிரான்சின் குளிர்ந்த மண்ணுக்குரிய காலக்கணக்கை வெப்பமண்டலத்துக்கு அப்படியே பெயர்க்க இயலாது. நம் மண்ணில் கரிமம் விரைந்து சிதையும். செம்மண்ணின் ஆழமும் குறைவு. சுண்ணக்கல் பிளவுகளின் வழியே வடகீழ்ப் பருவமழை சில நாட்களிலேயே கிணற்றை எட்டும் இடங்களும் உண்டு. எனவே ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் மாதிரியால் பயனில்லை. மழைக்கு முன் செப்டம்பரிலும், மழையின் நடுவே நவம்பரிலும், நீர் அடங்கியபின் சனவரி, பிப்ரவரியிலும் அதே கிணறுகளில் எடுக்க வேண்டும். முதல் மழையில் நைட்ரேட் உயர்ந்து டெல்டா மதிப்பு தாழ்ந்தால் தோட்டத்து மண் கழுவப்படுகிறது எனலாம். மழையால் செறிவு நீர்த்தும் மதிப்பு +10க்கு மேல் அசையாது நின்றால் அருகிலுள்ள குழியை ஐயுறலாம். அந்நீரில் மலக்குடல் பாக்டீரியாவும் குளோரைடும் உயர்ந்திருந்தால் ஐயம் வலுப்படும். எடுத்த நீரைக் கிணற்றடியிலேயே 0.2 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடித்து, பனிப்பெட்டியில் வைத்து, அன்றே உறையவிட வேண்டும். வடிக்காத குப்பி இரண்டு நாள் வெயிலில் இருந்தால், அதற்குள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைத் தின்று மதிப்பை மாற்றிவிடும். பிறகு எவ்வளவு நுட்பமான கருவியில் அளந்தாலும் கிடைப்பது குப்பிக்குள் நிகழ்ந்ததன் கணக்கே.